நிபுணரைப் பார்க்க இன்னும் 12 நாள்

இம்முறை கேள்வி-பதில் பகுதிக்குச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுள் மூன்று புற்றுநோயைப் பற்றியவை. மூன்றையும் எழுதியவர்கள் நோயாளியின் துணைவர்கள். மூவரும் நிபுணரின் சொல்லுக்காகக் காத்திருப்பவர்கள். முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் தேவைப்பட்டதால், மற்ற இரண்டுக்கும் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. மலத்தில் இரத்தம் கலந்து வந்ததால் பலதுறை மருந்தகத்தில் காட்டினோம். அங்கிருந்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கொலனோஸ்கோப்பி செய்தபோது பெருங்குடலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அதிலிருந்து எடுத்த சதையைப் பரிசோதித்து, புற்றுநோய்தான் என்று போன வாரம் உறுதிசெய்துவிட்டார்கள். அடுத்த வாரம் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அறுவை நிபுணரைப் பார்க்க இன்னும் 12 நாள் இருக்கிறது.

அறிக்கையில் ‘அடினோகார்சினோமா, மாடரேட்லி டிஃபரென்ஷியேட்டட்’ என்று எழுதியிருந்தது. அவர் தூங்கிய பிறகு அதைக் கைப்பேசியில் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்க நடுக்கம்தான் மிஞ்சுகிறது. 12 நாளில் நோய் பரவிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், அவருக்குத் தெரியாமல் ஒரு தனியார் நிபுணரிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். என் தம்பி முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லி இரண்டு பை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மன்னார்குடியில் இருக்கும் என் மாமியாருக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று நானே முடிவுசெய்து, உறவினர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மகன் தேசிய சேவையில் இருக்கிறான். மகள் தொடக்கநிலை 6. இவ்வாண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறாள். அவர்கள் இருவருக்கும் தெரியாது.

அவரோ எதுவும் நடக்காததுபோல் வேலைக்குப் போய்வருகிறார், வாயே திறப்பதில்லை. நேற்று இரவு சாப்பிடும்போது திடீரென்று, “நம்ம சிபிஎஃப் நாமினேஷன் யார் பேருக்குப் போட்டிருக்கு?” என்று கேட்டார். “இதையெல்லாம் இப்போ எதுக்குப் பேசுறீங்க?” என்று அழுதுகொண்டே எழுந்துவிட்டேன். இந்த 12 நாளை நான் எப்படிக் கடப்பது?

— யீஷூன் வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் வாயே திறப்பதில்லை என்று எழுதிய அடுத்த வரியிலேயே, அவர் வாய் திறந்த செய்தியையும் எழுதியிருக்கிறீர்கள். 30 ஆண்டுகளுக்கும் மேல் தாதியாகப் பணிபுரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஆண்களில் பலர் “எனக்குப் பயமாக இருக்கிறது” என்ற சொற்களை நேராகச் சொல்வதில்லை. சாவி எங்கே இருக்கிறது, காப்புறுதிப் பத்திரம் எந்த இழுப்பறையில் இருக்கிறது, காரின் சாலை வரி எப்போது முடிகிறது என்று கேட்பார்கள். நேற்று இரவு உங்கள் கணவர் பேச வந்தார். அழுகையில் நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இன்று இரவே அந்தப் பேச்சை நீங்கள் மறுபடி எடுக்கலாம்.

அவர் கேட்டது நல்ல கேள்வி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய சேமநிதி (சிபிஎஃப்) நியமனம் என்பது நமக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்ற பதிவு. திருமணத்துக்கு முன் செய்த நியமனம், திருமணம் ஆனதும் தானாக ரத்தாகிவிடும். உயிலில் எழுதி வைத்தாலும் சேமநிதிப் பணத்துக்கு அது செல்லாது. ஆகவே நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தக் குடும்பமும் ஒருமுறை சரிபார்க்க வேண்டிய காரியம் இது. “நேத்து கேட்டீங்களே, வாங்க, சேர்ந்து பார்க்கலாம்” என்று கணினியின் முன் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பத்து நிமிட வேலைதான். வேலை முடிந்த பிறகும் எழுந்துவிடாமல் சற்று நேரம் அங்கேயே இருங்கள். மற்றதை அவர் பேசக்கூடும், பேசாமலும் போகக்கூடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் நிபுணரிடம் நேரம் கேட்டது, மாமியாரிடம் மறைத்தது, பிள்ளைகளிடம் சொல்லாதது, உறவினர்களுக்கு உத்தரவிட்டது என்று, கடந்த ஒரு வாரத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் எல்லாமே உங்களுடையவை. அன்பினால் செய்தவைதான்; சும்மா இருக்க முடியாமல் கைகள் தேடிக்கொண்ட வேலைகளும்தான். ஆனால் நோய் அவருடைய உடலில் இருக்கிறது. தாய் அவருடைய தாய். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யாரிடம் சொல்ல விரும்புகிறார், நிபுணரின் அறைக்குள் நீங்களும் வர வேண்டுமா என்ற மூன்றையும் அவரிடம் கேளுங்கள். “அம்மாவிடம் நானே சொல்கிறேன்” என்றோ, “அறுவைச் சிகிச்சை முடியட்டும்” என்றோ அவர் சொல்லலாம். இரண்டில் எதுவானாலும் அவர் சொன்னபடியே இருக்கட்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியிலிருந்து தொடங்குகிறது. அது புற்றாக மாறுவதற்கே பல ஆண்டுகள், பலருக்குப் பத்தாண்டு வரைகூட, பிடிக்கும். அப்படி வளர்ந்த ஒன்று இந்த 12 நாளில் தலைகீழாக மாறிவிடுவது அரிது. மேலும், இந்த நாள்கள் வீணாகக் கழிபவையும் அல்ல. மார்பு, வயிறு, இடுப்பு ஆகிய பகுதிகளின் ஸ்கேன் படங்களும், சிஇஏ என்ற இரத்தப் பரிசோதனையின் முடிவும் கையில் இல்லாமல் நிபுணரைப் பார்த்தால், “முடிவுகள் வரட்டும்” என்பதைத் தவிர அவரால் அதிகம் சொல்ல இயலாது. பல மருத்துவமனைகளில் அறுவை நிபுணர், புற்றுநோய் மருந்து நிபுணர், கதிரியக்க நிபுணர், திசுப் பரிசோதனை மருத்துவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து நோயாளியின் படங்களைப் பார்த்து விவாதிப்பார்கள். கட்டி மலக்குடலில் இருந்தால், எம்ஆர்ஐ எடுத்து, அறுவைக்கு முன்பே கதிரியக்கச் சிகிச்சையும் கீமோவும் கொடுப்பதா என்று யோசிப்பதும் உண்டு. அவசரப்பட்டு முதலில் கத்தியை எடுப்பது எல்லாருக்கும் நல்லதாக அமையாது.

அறிக்கையில் உள்ள ‘அடினோகார்சினோமா’ என்பது சுரப்பி அணுக்களில் தொடங்கும் புற்றுநோய். ‘மாடரேட்லி டிஃபரென்ஷியேட்டட்’ என்ற சொல், புற்றணுக்கள் பார்வைக்கு இயல்பான அணுக்களிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் குறிக்கிறது. தமிழில் ‘நடுத்தர அளவில்’ என்று வைத்துக்கொள்ளலாம். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றின் அறிக்கையில் இதே சொல்தான் இருக்கும். நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் ‘கட்டம்’ வேறு. அதை ஸ்கேன் ஓரளவு காட்டும். அறுவையில் எடுத்த குடல்பகுதியோடு சேர்ந்த நிணநீர் முடிச்சுகளை, குறைந்தது 12 முடிச்சுகளையாவது, நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அது உறுதியாகும். கட்டம் தெரியாத நிலையில் நீங்கள் நள்ளிரவில் படிக்கும் உயிர்பிழைப்பு விகிதம் எதுவும் உங்கள் கணவரைப் பற்றியது ஆகாது. ஐந்தாண்டு விகிதம் என்று ஒன்றைக் கணக்கிட வேண்டுமானால், அதில் உள்ளவர்கள் குறைந்தது ஐந்தாண்டுக்கு முன்பு சிகிச்சை பெற்றவர்களாக இருக்க வேண்டும் அல்லவா? பல கட்டங்களையும் பல வயதினரையும் சேர்த்துப் போட்ட பழைய சராசரி அது. இரவு பத்து மணிக்கு மேல் தேடுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்; தோன்றும் கேள்வியை ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள்.

அந்த நோட்டு நிபுணரின் அறைக்கும் உங்களுடன் வரட்டும். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, ஸ்கேனில் வேறெங்காவது ஏதேனும் தெரிகிறதா, முதலில் அறுவையா மருந்தா, மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்குமா, இருந்தால் தற்காலிகமா நிரந்தரமா, எத்தனை நாள் விடுப்பு தேவைப்படும் என்ற கேள்விகளை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தாலோ, இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ, ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் சொல்ல வேண்டும்; நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். நிபுணரின் ஆங்கிலம் அவருக்கு முழுதாகப் புரியாது என்றால், தமிழில் விளக்க ஒருவர் வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்களாக உட்கார வைக்காதீர்கள்; தந்தையின் நோயை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது கொடுமை.

தனியார் நிபுணரைப் பற்றிய முடிவில் பணமும் அடங்கியிருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனதால் உங்கள் கணவர் இப்போது மானியம் பெறும் நோயாளி. தனியாரிடம் போய்விட்டு அவருடைய கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குத் திரும்பினால், பொதுவாக மானியமில்லாத நோயாளியாகவே பதிவுசெய்வார்கள். இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. எந்த நல்ல மருத்துவரும் அதற்குக் கோபிக்க மாட்டார். ஆனால் முதல் கருத்தே இன்னும் வராத நிலையில் இரண்டாவதுக்கு ஓடுவானேன்? அதைவிட, மருத்துவமனையை அழைத்து, யாராவது நேரத்தை ரத்துசெய்தால் அந்த இடத்தைத் தர முடியுமா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேட்பவர்களுக்குச் சில சமயம் கிடைத்துவிடுகிறது.

2015 நவம்பர் 1 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி உண்டு. முன்பிருந்த நோய் இருந்தாலும் உண்டு. அதற்கு மேல் தனியார் காப்புறுதித் திட்டம் வாங்கியிருந்தால், அறுவைக்கு முன் நிறுவனத்திடம் அனுமதி பெற வேண்டுமா என்று முகவரைக் கேட்டுவிடுங்கள். மருத்துவமனைக் கட்டணத்துக்கு சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென இருக்கும் உங்கள் மெடிசேவ் கணக்கையும் பயன்படுத்தலாம். 2022 செப்டம்பர் முதல், புற்றுநோய் மருந்துகளுக்கு ஓர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலை வைத்தே மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது; ஆகவே கீமோ என்று பேச்சு வந்தால், சொல்லப்படும் மருந்து பட்டியலில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கொடிய நோய்க் காப்புறுதி இருந்தால், திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஆறு மாதம் பணிபுரிந்தவருக்கு மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள்வரை உண்டு. சாதாரண மருத்துவ விடுப்பு 14 நாளும் அதற்குள் அடக்கம். இவை எல்லாவற்றையும் நீங்கள் தனியாகத் தலையில் சுமக்க வேண்டாம். மருத்துவமனையில் மருத்துவ சமூக ஊழியர் என்று ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொன்னாலே போதும். 1964 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும் ஆலோசனையும் நிதியுதவியும் வழங்குகிறது.

முள்சீத்தா இலையைப் பற்றி ஒரே வரி: அது மனிதர்களின் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிறுவப்படவில்லை, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அது குறைக்கக்கூடும் என்பதால், அறுவைக்கு முன் வேண்டாம். தம்பியின் மனம் நோகாமல் பைகளை வாங்கி வையுங்கள், காய்ச்சாதீர்கள். அவனுக்கும் ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கிறது. ஸ்கேன் நாளில் வண்டியோட்டச் சொல்லுங்கள். சமையலில் போடும் மஞ்சளுக்கு யாதொரு தடையும் இல்லை. சர்க்கரையை அறவே நிறுத்தினால் புற்று பட்டினியால் வாடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; வாடுவது மனிதர்தான். முட்டை, மீன், பருப்பு என்று நன்றாகச் சாப்பிட்டு, தினமும் அரை மணி நேரம் நடந்து, புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விட்டு, அறுவைக்கு உடலைத் தயார்செய்வது அவர் கையில் இருக்கும் மருந்து. மாலையில் நீங்களும் கூட நடங்கள். எதிரெதிரே அமர்ந்து பேச முடியாதவற்றை நடந்துகொண்டே பேசுவது எளிது.

வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் கடும் வலியும் வந்தாலோ, இரத்தம் நிறையப் போனாலோ, மயக்கம் வந்தாலோ, 12 நாள் கணக்கைப் பார்க்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேவைப்பட்டால் 995 எண்ணை அழையுங்கள். குடல் அடைபட்டிருக்கலாம்.

பிள்ளைகளைப் பற்றி உங்கள் கணவரோடு பேசி முடிவெடுங்கள். என் கருத்தையும் சொல்கிறேன். வீவக அடுக்குமாடி வீட்டின் சுவர்கள் மெல்லியவை. அம்மா இரவில் அழுவது 12 வயதுப் பெண்ணுக்குக் கேட்காது என்று நினைக்காதீர்கள். காரணம் தெரியாத பிள்ளை தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளும். “அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய் வந்திருக்கிறது. அது ஒட்டிக்கொள்ளாது, நீ செய்த எதனாலும் வந்ததில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்று இந்தத் தேதியில் தெரியும், தெரிந்ததும் உனக்குச் சொல்வோம்” என்பதே போதும். தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள், பெரும்பாலும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் ஒளித்துக்கொண்டிருக்கிறார்கள். மகனும் தெரிந்துகொண்டால், தேவைப்படும் நாளில் விடுப்புக் கேட்கத் தன் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க முடியும். உங்கள் கணவரின் உடன்பிறந்தவர்களும், பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகளும் குடல் பரிசோதனையை மற்றவர்களைவிட முன்னதாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கும். எந்த வயதில் என்று நிபுணரிடம் கேளுங்கள்.

நீங்களும் தூங்க வேண்டும். இரவில் மனம் தாங்கவில்லை என்றால், 24 மணி நேரமும் இயங்கும் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம். அழுவதற்குக் குளியலறைதான் கதி என்றில்லை. அவர் எதிரிலேயே அழலாம். நேற்றும் அழுதீர்கள். இம்முறை எழுந்து போகாமல் அழுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 35. மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஹெர்2 என்ற பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை என்று சொல்லி, நிபுணரைப் பார்க்கும் நாளை ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள். அவள் அழும்போதெல்லாம் “ஒன்றும் ஆகாது” என்கிறேன். அதற்கு அவள் கோபப்படுகிறாள். வேறு என்ன சொல்வது? எங்களுக்கு ஒரு குழந்தை. இன்னொன்று பெற்றுக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தோம்.

— செங்காங் வாசகர்

பதில்: “ஒன்றும் ஆகாது” என்பது உங்களுக்கே தெரியாத ஒன்றை நீங்கள் உறுதியாகச் சொல்வது, அது அவருக்கும் தெரியும். அதைக் கேட்டபின் மேற்கொண்டு பேச அவருக்கு வழியில்லாமல் போய்விடுகிறது, கோபம் அதனால்தான். “எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். பிறகு பேசாமல் இருங்கள்.

பரிசோதனை தாமதமாவதற்குக் காரணம் உண்டு. மார்பகப் புற்றில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டரோன் ஆகிய ஹார்மோன்களின் ஏற்பிகளும், ஹெர்2 என்ற புரதமும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் வகை மாறும். ஹெர்2 முடிவு 2+ என்று இடைப்பட்ட நிலையில் வந்தால், மரபணு அளவில் இன்னொரு பரிசோதனை செய்தாக வேண்டும். அதற்குச் சில நாள் கூடுதலாகும். ஹெர்2 அதிகமாக இருந்தால், அதைக் குறிவைக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைச் சிலருக்கு அறுவைக்கு முன்பே தொடங்குவார்கள். ஆகவே இந்த ஒரு வாரம் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கான வாரம்.

இரண்டாவது குழந்தை பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நிபுணரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். கீமோ மருந்துகள் சில, கருமுட்டைகளைப் பாதிக்கக்கூடியவை. முட்டையையோ கருவையோ உறைய வைத்துச் சேமிப்பதானால், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும்; அதற்குப் பொதுவாக இரண்டு வாரம் அளவில் தேவைப்படும். மனைவிக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்பதை, மருத்துவரின் அறைக்குள் நுழைவதற்கு முன் வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். உயிரைப் பற்றிப் பேசும் நேரத்தில் இது சுயநலமாகத் தெரியுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். அவரும் அதே அச்சத்தில் கேட்காமல் இருக்கலாம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 68. நுரையீரலில் கட்டி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை நிபுணரைப் பார்க்க வேண்டும். அவர் குணமடைய வேண்டி, நான் தினமும் ஒரு வேளை மட்டும் உண்டு விரதம் இருக்கிறேன். எனக்கு நீரிழிவு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். மகள் திட்டுகிறாள். விரதத்தைத் தொடரலாமா?

— தோ பாயோ வாசகி

பதில்: அம்மா, உங்கள் வேண்டுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; ஆனால் இந்த விரதத்தில் நான் உங்கள் மகளின் கட்சி. நீரிழிவு மாத்திரைகளில் சில, உணவைத் தவிர்த்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, நீங்கள் மயங்கி விழுந்தால், அந்த வீட்டில் நோயாளிகள் இருவராகிவிடுவார்கள். எந்த விரதமானாலும் முதலில் உங்கள் பலதுறை மருந்தக மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வேண்டுதலின் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம்: வெள்ளிக்கிழமை விளக்கேற்றுங்கள், அல்லது உங்களுக்கு மிகப் பிடித்த ஒரு பண்டத்தை விட்டுவிடுங்கள், எதை விடுவது என்பதில் தெய்வத்துக்கு ஆட்சேபம் இருக்காது. வியாழக்கிழமை காலை, அவரை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தாலொழிய, இருவரும் சேர்ந்து இட்லி சாப்பிட்டு, உங்கள் மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கைப்பையில் ஒரு பழச்சாறுப் பொட்டலமும் சால்வையும் இருக்கட்டும். அங்கே குளிரூட்டி அதிகம், உங்கள் எண் வர நேரமாகலாம்.